விவரம் போதாது

என் மேசைக்கு வந்த செய்முறைப் பதிவேடுகளிலேயே மிக மெலிந்தது அவருடையதுதான். மற்ற மாணவர்கள் ஆளுக்கு இரண்டு தடி நோட்டு, தங்க எழுத்துப் பொறித்த அட்டை, உள்ளே மூன்று வண்ணத்தில் அம்புக்குறிகள் என்று கொண்டுவந்து அடுக்குவார்கள். அவர் நீட்டியது நாற்பது பக்க நோட்டு. அதிலும் பாதி வெள்ளை. நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.

“புதன்கிழமை. பதினோராம் வகுப்பு மாணவி. நாற்பது நிமிடம். வந்தாள். உட்கார்ந்தாள். போனாள்.”

அடுத்த வாரம்: “வந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். போனாள்.”

அதற்கடுத்த வாரம் வெறும் “வந்தாள்” என்பதோடு நின்றிருந்தது. ‘போனாளா என்பது பதிவாகவில்லை’ என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன். கீழே என் வழக்கமான குறிப்பு: ‘விவரம் போதாது. திருப்பி அனுப்பப்படுகிறது.’ அன்று அது எனக்கு நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது.

நான் திண்டுக்கல்லில் ஒரு சுயநிதிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். விதி எண்ணைச் சொன்னால் பக்க எண்ணைச் சொல்வேன். முதல்வர்கள் ஐந்து பேர் வந்து போனார்கள். ஐந்து பேருக்கும் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவன் நான்தான். எங்கள் கல்லூரியில் பள்ளி ஆலோசகர் ஆவதற்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்று இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மனக் குறை ஏதும் இருந்தால் உட்கார்ந்து கேட்பதற்கு ஆள் தயாரிக்கும் படிப்பு. இரண்டாம் ஆண்டில் ஒரு பள்ளிக்குப் போய் முந்நூறு மணி நேரம் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு என் மேசையைத் தாண்டினால்தான் இறுதித் தேர்வு. தேர்வு எழுதினால்தான் பட்டம். ஒரு பிள்ளையின் மனதுக்குள் போவதற்கு என்ன படிவம் என்று யாராவது கேட்டால், அதை வடிவமைத்தவன் நான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சின்னாளபட்டிக்காரர். கணவருக்கு அங்கே சிறிய சேலைக்கடை. பன்னிரண்டு வருடம் நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் இந்தப் படிப்புக்கு வந்து சேர்ந்தார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அவர்கள் இவரை ‘அக்கா’ என்றார்கள். ஆசிரியர்களில் இரண்டு பேர் வாய்தவறி ‘மேடம்’ என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அந்தப் படிப்பில் கேட்பதற்கும் பயிற்சி உண்டு. பேசுகிறவர் முன்னால் கொஞ்சம் சாய்ந்து உட்கார வேண்டும், தலையாட்ட வேண்டும், ‘ம்’ கொட்ட வேண்டும், அவர் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். தேர்வறைப் பக்கம் போனால் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பது கண்ணாடிச் சன்னல் வழியே தெரியும். இவர் மட்டும் அசைய மாட்டார். அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருப்பார்களே, அப்படி இருப்பார். கையால் ஒன்றும் செய்வதில்லை; கண்ணையும் எடுப்பதில்லை.

முதலாண்டில் ஒரு பயிற்சி. மாணவர்கள் இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒன்றைப் பதினைந்து நிமிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை வகுப்பு முன்னால் தொகுத்துச் சொல்ல வேண்டும். இவருக்கு ஜோடி நத்தத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் பேசும்போதே அழுதுவிட்டாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவர் முறை வந்ததும் எழுந்து நின்றார்.

“என்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம்.”

“என்ன இல்ல? கால் மணி நேரம் பேசுனாங்களே!” என்றார் துறைத்தலைவி.

“பேசுனாங்க மேடம். அது அவங்ககிட்டதான் இருக்கு.”

பத்துக்குப் பூஜ்யம். அகமதிப்பீட்டில் பூஜ்யம் போட்டால் கணினி ஏற்குமா என்று கேட்டுத் துறைத்தலைவி என் அறைக்கே வந்தார். ஏற்கும், ஆனால் மாணவரின் விளக்கக் கடிதம் இணைக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அந்தம்மாவுக்கு ஆலோசகர் வேலை தெரியுது சார். ஆலோசகர் படிப்புதான் வரமாட்டேங்குது.”

இதை நான் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே அம்மாவிடம்தான் நான் போய் விழுந்தேன்.

என் இளைய மகன் சென்னையில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். அலுவலகத்தில் ‘வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்’ என்று சொல்லிவைத்திருந்தேன். அதில் பாதி உண்மை, வீட்டில்தான் இருந்தான். ஒருநாள் மதியம் இவர் வருகைக் குறைவுக்கான கட்டணம் கட்ட வந்தார். சர்வர் படுத்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். “செத்த நேரம் உக்காருங்கம்மா, வந்துரும்” என்றேன். நாற்காலியை எனக்கு எதிரே போடாமல் மேசைக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நான் பேச ஆரம்பித்தேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கேட்கவே இல்லை, அதனால்தானோ என்னவோ. மகன் பகலில் தூங்குவது, குளிக்காமல் இருப்பது, என் தம்பி தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது அவன் ஊரில் இல்லை என்று நான் பொய் சொன்னது, அப்போது உள்ளே அவன் இருமியது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சாப்பாடு வாசல்ல வைக்கிறீங்களா சார், உள்ள கொண்டுபோய்க் குடுக்கிறீங்களா?”

“வாசல்லதான். என் வீட்டம்மா கதவைத் தட்டிட்டு வச்சிட்டு வந்துருவா.”

“ம்.”

அவ்வளவுதான். சர்வர் வந்தது. ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டை நான் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். மூன்றாவது நாள், “குழம்புல உப்பு கூட” என்றான். எட்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். உண்மையிலேயே கூடத்தான்.

இதை நான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வராண்டாவில் வருவது தெரிந்தால் ஏதாவது கோப்பை எடுத்துப் பிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் கேன்டீனில் கணக்குப் பிரிவுக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். நானும் அதே மேசையில். “ஏம்மா, நம்ம சார் மகனைப் பத்தித் தெரியுமா? உக்காந்த இடத்துல லட்சக்கணக்குல சம்பாதிக்கிறானாம்ல. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, எந்திரிச்சு கரண்ட் பில்லுகூட கட்டமாட்டான்.”

அந்த அம்மா தன் டப்பாவைத் திறந்தார். “வெஞ்சனம் இன்னைக்கு வாழைப்பூ சார். கொஞ்சம் வைக்கட்டுமா?”

“வைங்க, வைங்க. இம்புட்டும் நீங்களா ஆஞ்சீங்க?” என்று கணக்குப் பிரிவுக்காரர் மூடியை நீட்டினார். அந்த அம்மா எனக்கும் ஒரு கரண்டி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

நம்முடைய ரகசியத்தை ஒருவர் காப்பாற்றுகிறார் என்றால் நன்றி வர வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த அம்மா ஒரே ஒருமுறை, யாரைப் பற்றியாவது எதையாவது உளறிவிட்டால் நாங்கள் சமமாகிவிடுவோம் என்று இருந்தது. இதை அப்போது நான் இப்படித் தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய மெலிந்த நோட்டு என் மேசைக்கு வந்தபோது அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது.

பதிவேட்டு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு விதி இவ்வளவு கடுமையாக இல்லை. ஒரு வருடம், மூன்று மாணவர்களின் பதிவேடுகளை வரிசையாகச் சரிபார்த்தபோது, வேறுவேறு பள்ளியில் வேறுவேறு தேதியில் ஒரே தேங்காய் வியாபாரியின் மகள் அழுதிருந்தாள். மூன்று பேரிடமும் ஒரே வார்த்தைகளில். மூன்று பேருமே அவளைக் குணப்படுத்தியிருந்தார்கள். அதன்பிறகுதான் நான் புதிய படிவம் கொண்டுவந்தேன். பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். வகுப்பு, பிரிவு, குடும்ப நிலை, தந்தை தொழில் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். தேங்காய் வியாபாரியின் மகள் அதற்குப் பிறகு எங்கேயும் அழவில்லை. முதல்வர் என்னைப் பாராட்டினார்.

இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியபோது அவர் நேரிலேயே வந்தார்.

“என்ன குறை சார்?”

“விவரம் போதாதும்மா. பிள்ளை என்ன சொல்லுச்சு, நீங்க என்ன கேட்டீங்க, வீட்ல யார் யாரு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. நிரப்பிட்டு வாங்க.”

“பேரு போட வேணாம்ல சார்?”

“முதலெழுத்து போதும். வகுப்பும் பிரிவும் கண்டிப்பா போடணும்.”

“அந்தப் பிரிவுல பொம்பளைப் பிள்ளைக பதினாலு பேருதான் சார். அப்பா வேலையையும் போட்டா, அது பேரு போட்ட மாதிரிதான.”

“ரகசியம் காக்கப்படும்னு முதல் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கும்மா.”

“அச்சடிச்சிருக்கு சார்” என்றார். குரலில் கிண்டல் இல்லை. அந்த நோட்டின் ஓரத்தைத் தடவினார். பிறகு, “வேற வழி எதுவும் இருக்கா சார்?” என்று கேட்டார்.

இருந்தது. பாடத்திட்ட விதிமுறைப் புத்தகத்தின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில், ஒரு பிரிவு. குழந்தையின் ரகசியம் வெளிப்படும் என்று அஞ்சினால், பதிவேட்டை முத்திரையிட்ட உறையில் வைத்துத் துறைத்தலைவியிடம் நேரடியாகக் கொடுக்கலாம்; அவர் மட்டும் படித்துச் சான்று தருவார்; தலைமையாசிரியர் கையெழுத்து தேவையில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அச்சகத்திலிருந்து வந்த பிழைத்திருத்தப் படியில் ‘உறையில்’ என்பது ‘உரையில்’ என்று இருந்ததைத் திருத்தியவனே நான்தான்.

“படிவத்துல இருக்கிறதுதாம்மா வழி” என்றேன். “வியாழக்கிழமை கடைசி நாள். அதுக்குள்ள வரலைன்னா ஹால் டிக்கெட் வராது.”

புதன்கிழமை கொண்டுவந்தார். இந்தமுறை நோட்டு நிறைந்திருந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகும் நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் வேலை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும்தான், ஆனால் படித்தேன். அப்படி ஒரு பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஏழு வாரம் தண்ணீர் கேட்டதைத் தவிர வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண் எட்டாவது வாரம் பேசியதை, நடுவில் அவள் நிறுத்திய இடங்கள் உட்பட, ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்து எழுதியிருந்தார்.

அந்தப் பெண்ணின் அம்மா வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம். வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை, அங்கேயே விடுதியில் தங்கல். அப்பா பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறவர். வீட்டில் அம்மா பேரை எடுக்கக் கூடாது. பெண் சனிக்கிழமைதோறும் சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு வடமதுரைக்குப் பஸ் ஏறுவாள். பஸ் ஸ்டாண்டில் அம்மா நிற்பாள். ஒரு மணி நேரம். அம்மா அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் பின்னலைப் பிரித்து, காலையில் போட்டிருந்த மாதிரியே தானே போட்டுக்கொள்வாள். ‘எங்கம்மா பின்னுனா இறுக்கமா இருக்கும். அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்’ என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். “நல்லா இருக்கும்மா” என்றேன். “ஒவ்வொரு பக்கத்துலயும் ஹெச்.எம். கையெழுத்து, சீல். சாயங்காலத்துக்குள்ள வாங்கிட்டு வந்துருங்க.”

“அவரு படிச்சிருவாரே சார்.”

“கையெழுத்துப் போடுறவங்க யாரும் படிக்க மாட்டாங்கம்மா. முப்பது வருசமா பாக்குறேன்.”

அந்த முப்பது வருடத்தில் நான் சந்திக்காத ஒரு மனிதர் அந்தப் பள்ளியில் இருந்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். கெட்டவரும் இல்லை, தன் பள்ளிப் பெண் ஒருத்தி பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போய்வருகிறாள் என்று தெரிந்தால் பெற்றவருக்குச் சொல்வது தன் கடமை என்று நினைத்தவர். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நோட்டை இவரிடம் கொடுத்துவிட்டு, பூ மார்க்கெட்டுக்குப் போன் செய்தார். நோட்டு சாயங்காலம் நாலரைக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு முத்திரைகூட மங்கலாக இல்லை. ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அப்பா பள்ளிக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். ‘எங்க வீட்டுக் கதையைக் கேட்டு எழுத இவ யாரு?’ என்று சத்தம் போட்டிருக்கிறார். தலைமையாசிரியர் அறையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தபோது இவர் வாசலுக்கு வந்தாராம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, “எழுதி வேற வச்சீங்களாக்கா?” என்று மட்டும் கேட்டாளாம். தலைமையாசிரியரே பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் முகம் நன்றாக இல்லை. அந்தப் பெண் அதன்பிறகு எந்தப் பள்ளியிலும் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் புகார் வந்தது. உங்கள் பயிற்சி மாணவி குழந்தையை அடையாளம் தெரியும்படி எழுதியிருக்கிறார், அந்தரங்கம் வெளிவரக் காரணமாகியிருக்கிறார். விசாரணைக் குழு போட்டார்கள். முதல்வர், துறைத்தலைவி, உறுப்பினர் செயலராக நான். உறுப்பினர் செயலர் என்றால் டீ சொல்வதும் குறிப்பு எழுதுவதும்.

அவர் வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், நாற்காலியை வழக்கம்போலக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

துறைத்தலைவிக்கு அவரைப் பிடிக்கும். காப்பாற்றத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். “நீங்க எப்பவும் எதையும் வெளிய சொல்லாதவங்களாச்சே. இம்புட்டு விவரமா எழுதச் சொல்லி உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சியும் பார்க்கவில்லை. பால் பொங்கும்வரை நிற்கிற அந்தப் பார்வைதான். நான் குனிந்து, எழுதிய வரிக்கு அடியில் கோடு போட்டேன். கோடு போட வேண்டிய வரி இல்லை அது.

“நான்தான் மேடம் எழுதுனேன்” என்றார்.

‘மாணவி தம் தவற்றை ஒப்புக்கொண்டார்’ என்று குறிப்பில் எழுதினேன். எழுதிவிட்டு, வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்தும் பார்த்தேன்.

ரகசியம் காக்கத் தவறியதற்காக அவருடைய முந்நூறு மணி நேரமும் ரத்து. அடுத்த ஆண்டு வேறொரு பள்ளியில் முதலிலிருந்து செய்யலாம். எங்கள் கல்லூரி வரலாற்றிலேயே ரகசியம் காக்கத் தவறியவர் என்று எழுத்துபூர்வமாகத் தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். உத்தரவை வாங்கிக்கொண்டு, நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “வாரேன் சார்” என்று சொல்லிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு கட்டணம் கட்ட வரவில்லை. ‘இடைநின்றவர்’ பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்ததும் நான்தான். அதற்கடுத்த வருடம் எனக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. ஓய்வுக்குப் பிறகு எனக்கு மறதி வரும் என்று எதிர்பார்த்தேன். பென்ஷன் நேரத்துக்கு வந்தது, மறதிதான் வரவில்லை.

என் மகன் இப்போது ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டிக்குக் கணினிக் கணக்கு பார்க்கிறான். தினமும் போய்வருகிறான். சென்ற மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டான்: “ஏம்ப்பா, எட்டு மாசம் வாசல்ல வச்சீங்க. ஒருநாள் திடீர்னு உள்ள வந்து உக்காந்தீங்களே. யாரு சொன்னா?”

“காலேஜ்ல படிச்ச ஒரு அம்மா.”

“அவங்கள்ட்ட சொன்னீங்களா, நான் இப்ப வேலைக்குப் போறேன்னு?”

மோர் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவரும் கணவரும் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குச் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், “வாங்க சார், உக்காருங்க” என்றார், நேற்றுப் பார்த்தவரைக் கூப்பிடுகிற மாதிரி. கூட்டம் போக ஒரு மணி நேரமாயிற்று. கணவர் சாப்பிட உள்ளே போனார். அந்த அம்மா, பிரித்துப் போட்டிருந்த சேலைகளை மடிக்க ஆரம்பித்தார். நான் மகனைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு மற்றதைச் சொன்னேன். பின்னிணைப்பு, பொடி எழுத்து, உறை, துறைத்தலைவி. எனக்கு அன்றே தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் ஒரு சேலையை மடித்து முடித்தார்.

“தெரியும் சார். அந்தப் புத்தகம் எனக்கும் குடுத்திருந்தாங்கள்ல. கமிட்டிக்கு முந்தின நாள்தான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்.”

“பெறகு ஏம்மா கமிட்டியில சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்.”

அடுத்த சேலையை எடுத்தார். வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, கடை எத்தனை மணிவரை என்று கேட்டார்கள். “ஒம்போது வரைக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடி மடித்தார்.

“கல்லூரிக்கு எழுதிக் குடுக்கிறேம்மா. நடந்தது இதுதான்னு. மேல்முறையீட்டுக்கு இன்னும் வழி இருக்கு. உங்க மணி நேரத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம்.”

“எனக்கு வேணாம் சார். அதுல என்ன இருக்கு.”

“அப்ப அந்தப் பொண்ணுகிட்டயாவது நான் போய்ச் சொல்றேன். எழுதச் சொன்னது நான்தான், உங்க மேல தப்பில்லைன்னு. எங்க இருக்குது அந்தப் பொண்ணு?”

அவர் கை நின்றது. அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

“உங்ககூடப் பேசுதாம்மா?” என்றேன்.

“காப்பி குடிக்கிறீங்களா சார்?”

காப்பி வந்தது. குடித்தேன். கிளம்பும்போது படியில் வந்து நின்று, “அதுகிட்டக் கேட்டுப் பாக்குறேன் சார். இஷ்டம்னா உங்களுக்குச் சொல்றேன்” என்றார்.

எட்டு நாள் கழித்துப் போன் வந்தது. அந்த எட்டு நாளும் நான் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பத்தியில் குறிப்புகூட எழுதிவைத்திருந்தேன்.

“சார், கேட்டேன். வேணாம்னு சொல்லிருச்சு.”

“சரிம்மா.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. அந்த நோட்டு இப்ப எங்க சார் இருக்கு?”

இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். யோசிக்கவே வேண்டியதில்லை.

“ரெக்கார்டு ரூம்ல இருக்கும்மா. ரத்தான பதிவேடா இருந்தாலும் அஞ்சு வருசம் வச்சிருந்துட்டுத்தான் எரிக்கணும்.”

“பூட்டி இருக்குமா சார்?”

“இல்லம்மா. தாழ்ப்பாள்தான்.”

அவர் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. “ஆத்தா, இன்னும் ரெண்டு வருசம் இருக்காம்.”

ஒரு இளம்பெண் குரல் ஏதோ சொன்னது. நீளமாகத்தான் சொன்னது. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “என்னம்மா சொல்லுது?” என்று கேட்டேன்.

“வச்சிர்றேன் சார்” என்றார் அவர்.